ராஜா பாட்டுக்குச் சாத்திய கதவு

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. குண்டு போட விமானம் வருகிறது என்கிற சங்கு. ஓடுகிறோம். நானும் அக்கா கன்னியம்மாவும் முன்னால். தரை டிக்கெட் சனம் அத்தனையும் பின்னால். 1943. ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மேட்னி படம் அப்போதுதான் முடிந்தது. பதுங்குகுழி வெளியே, கதவுக்கு எதிரிலேயே.

கதவைச் சாத்துகிறார்கள்.

அன்றைக்கு நம் தேசிய கீதம் வெள்ளைக்கார ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று வாழ்த்துகிற பாட்டு. படம் முடிந்ததும் இசைத்தட்டைப் போடுவார்கள். எழுந்து நிற்க வேண்டும். நாங்கள் மீன் விற்கிற பெண்கள், நிற்பதில்லை. படம் முடியும் முன்பே நழுவிவிடுவோம். குப்பத்துக்கே அது பழக்கம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. போலீசுக்கும் தெரியும்.

அன்று நழுவுவதற்குள் பாட்டும் சங்கும் ஒன்றாகத் தொடங்கின. ஒத்திகைச் சங்கு அடிக்கடி ஊதிய காலம். இதைச் சாக்காக வைத்து ஓடுகிறோம் என்று வாசல் போலீஸ்காரன் நினைத்துவிட்டான்.

"பாட்டு முடியற வரைக்கும் எவளும் நகரக்கூடாது! நில்லு!"

தாழ்ப்பாள் விழுகிறது. டக்.

"சங்கு ஊதிக்கினு கீது, காது செவுடா? கதவத் தொறடா!" அக்கா கத்துகிறாள்.

பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். மூச்சு முட்டுகிறது. காலடியில் யாரோ அலறுகிறார்கள். அக்கா என்னை இடுப்போடு தூக்கிப் பக்கத்து ஓலைத் தட்டியில் மோதினாள். "நீ போடி! நான் வந்துக்கறேன்!" தட்டி கிழிந்தது. மணலில் விழுந்தேன். அவள் வரவில்லை.

பாட்டு முடிந்தது. அதன் பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

அன்று விமானமே வரவில்லை. சங்குக்குப் பயந்து சனம் தானே நெரிந்து செத்தது என்று எழுதிக்கொண்டார்கள். பொய். நான் உயிரோடு இருக்கும்வரை சொல்வேன், பொய்.

அடுத்த வாரமே அதே கொட்டகைக்குப் போனேன். பாட்டு வந்தது. நழுவவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். லத்தி முதுகில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. குப்பத்துப் பெண்கள் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எத்தனை பேரைத்தான் அடிப்பான்?

சுதந்திரம் வந்தது. அந்தப் பாட்டு ஒழிந்தது. இப்போது நம் பாட்டு. அதற்கு நிற்கிறேன், நானாக.

போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். இட்லிக்கடை ராஜாத்தி. மணலியிலிருந்து படம் பார்க்க வந்த புருஷன் பெண்சாதி, பேர் தெரியாது. எங்கள் கன்னியம்மா, வயது இருபத்திரண்டு. நாலு பேர்.

அந்தப் பாட்டு காப்பாற்றச் சொன்ன ராஜாவுக்கு ஒரு கீறலும் இல்லை.