கல்லுக்கு வெள்ளை

"நான் இடிச்சப்போ கல்லு கறுப்பாத்தானே இருந்துச்சு? போட்டோவுல எப்படி வெள்ளையாச்சு?"

மைசூரு வார்டு ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டாக்சி டிரைவர், பக்கத்தில் நின்ற மனைவியின் செல்போனைப் பார்த்தபடி அவரிடம் கேட்டார். கர்நாடக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். ரோட்டுக் குழியில் இருந்த கல்லில் மோதி, வண்டியின் ஆயில் சேம்பர் உடைந்துவிட்டதாம். இழப்பீடு கேட்கும் மனு அவர் கையில் இருந்தது.

"நேத்து நான்தானுங்க சுண்ணாம்பு அடிச்சேன். அதுக்கப்புறம்தான் போட்டோ எடுத்தேன்."

"எதுக்கு?"

"இருட்டுல கல்லு தெரியலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதை ஏன் நீ பண்றே? கல்லைப் போட்டவன் பண்ணட்டும்."

அந்தம்மா சற்றுத் தயங்கினார். "போட்டதும் நான்தானுங்க. ஸ்கூட்டர்ல வர்றவங்க குழியில விழுந்துட்டே இருந்தாங்க. அடையாளத்துக்கு இருக்கட்டும்னு உருட்டி வெச்சேன்."

டிரைவர் கையிலிருந்த மனுவை ஒருமுறை பார்த்தார்.

"அப்புறம் யாராச்சும் விழுந்தாங்களா?"

"நீங்க இடிச்சதோட சரிங்க."

அவர்கள் முறை வந்தது. குமாஸ்தா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார்: "எச்சரிக்கைக்குக் கல் வைத்து, வெள்ளையும் அடித்திருக்கிறோமே. நீங்கள் பார்த்து ஓட்ட வேண்டாமா?"

டிரைவர் மனைவி பக்கம் குனிந்தார். "யாரு வெச்சதுன்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாமுங்க. அவங்க கல்லுன்னே இருக்கட்டும். அப்பத்தான் யாரும் எடுக்க மாட்டாங்க."