சாட்சித் தண்ணீர்

துணி துவைப்பதில் நான் எப்போதுமே கறார். வெள்ளையைச் சாயத் துணியோடு சேர்க்க மாட்டேன். பருத்தியைப் போர்வையோடு போட மாட்டேன். அன்று காற்று மோசமாக இருக்கும் என்று என் வீட்டுக்காரரிடம் யாராவது சொன்னார்களா என்பது ஒன்றுதான் இந்த விசாரணையில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. அதற்கு வருகிறேன். துவைப்பதிலிருந்து தொடங்கினால்தான் பதில் விளங்கும்.

அவர் ஏரி நீரைச் சோதிப்பவர். மூன்று வருடமாக ஒரே வேலை: ஏரியில் நீர் மொள்வது, சின்ன மீன்களின் குடலை அறுத்து உள்ளே இருக்கும் நூலிழைகளை எண்ணுவது. ஒருமுறை என்னைக் கூப்பிட்டு உருப்பெருக்கியில் காட்டினார். விரல் நீள மீன். அதன் வயிற்றுக்குள் பாசிப்பச்சை இழைகள், சீப்பில் சுற்றிய தலைமுடிபோலச் சிக்கு விழுந்து கிடந்தன.

"வயிறு நிறைஞ்சிருக்கு பாரு. பட்டினியில செத்திருக்கு," என்றார்.

அந்த நிறம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் கட்டிலிலேயே போர்வையாகக் கிடந்தது. ஏரிக்கரைப் போர்வை ஆலை என் பெரியண்ணனுடையது. போர்வை அலசிய தண்ணீர் பின்பக்கக் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். அம்மா அப்பா போனபிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்து, எனக்குக் கல்யாணம் முடித்த பிறகே தனக்குப் பெண் பார்த்தவர் அண்ணன். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"மீனுக்கெல்லாம் போர்வை போத்திவிட்டோம்னு வச்சுக்குங்களேன், மாப்பிள்ளை. பாவம், தண்ணிக்குள்ள குளிராதா?"

"போத்திக்கிட்டா பரவாயில்ல மச்சான். தின்னுருதுங்களே," என்றார் இவர்.

இருவரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பு முதலில் நின்றது. கிளம்பும்போது வாசலில் என்னிடம், "எண்பது பேர் வேலை பாக்குறாங்க, பாப்பா," என்றார். அவ்வளவுதான்.

மீனில் இருப்பது தங்கள் இழை இல்லை என்று ஆலை மறுத்ததால், வெளியூரிலிருந்து வரும் மூன்று பேர் முன்னிலையில் மறுசோதனை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறப் பருத்தி மேலங்கி உண்டு. இழை உதிர்ந்தாலும் இது நம்முடையது என்று நிறத்தை வைத்துத் தள்ளிவிடலாம். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் வடிகட்டிய நீர் திறந்தே இருக்கும். அது ஏரியையும் பார்த்ததில்லை, மீனையும் பார்த்ததில்லை. மீன் வயிற்றில் இருக்கும் அதே இழை அந்தக் கிண்ணத்திலும் கிடந்தால், அது அறைக்குள்ளிருந்து வந்தது என்று பொருள், சோதனை செல்லாது. அவர் அதைச் சாட்சித் தண்ணி என்பார். அவருடைய அறிக்கைகளையெல்லாம் திருத்திக் கொடுத்தது நான் என்பதால், எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

மறுசோதனைக்கு முந்தின நாள், அவருடைய மேலங்கியைப் பச்சைப் போர்வையோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டேன். காய்ந்ததும் உதறாமல் மடித்துக் கொடுத்தேன்.

சாட்சித் தண்ணீரில் நாற்பத்தொரு பச்சை இழைகள். வந்தவர்களில் ஒருவர், "மீன் உங்க வீட்டுத் துணியத்தான் தின்னுது போல, சார்," என்றாராம். மூன்று வருட உழைப்பும் சந்தேகத்துக்குள்ளானது. அவரை ஏரிக்குள் கூட்டிப்போய்வந்த படகுக்காரரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நடந்ததற்கு விளக்கம் எழுதி, வழக்கம்போல் என்னிடம் திருத்தக் கொடுத்தார். "வீட்டில்" என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, "என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று எழுதியிருந்தார். களைப்பில் கை தவறியிருக்கும். மறுநாளிலிருந்து மேலங்கியைத் தானே வாளியில் துவைத்து, தனிக் கொடியில் உலர்த்தினார். "உனக்கு எதுக்கு சிரமம்," என்றார். அக்கறையான மனிதர்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார். ஏரியில் தனியாகப் படகில் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், படகுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு மேல காத்து தூக்கி அடிக்கும். சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா, 'நீ காத்தப் பாரு, நான் தண்ணியப் பாக்குறேன்'னு சொல்வாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை. ஏரி ஒருமுறை அவரை நனைத்துத் திருப்பி அனுப்பினால் போதும், விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாம் நாள், கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் அவர் கிடைத்தார். மூடுவதற்கு அண்ணன் ஆலையிலிருந்து புதுப் போர்வை கொண்டுவந்தார்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இது. காற்றைப் பற்றி என்னிடம் சொன்னார்கள். நான் அவரிடம் சொல்லவில்லை. மேலங்கி விஷயமும் நான் செய்ததுதான். அண்ணனுக்கு இரண்டுமே தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் எதுவும் தெரியாமலே போனது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அன்று காலை அவர் புறப்படும்போது நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். அந்தப் பச்சைப் போர்வையை இழுத்து என் கழுத்துவரை போர்த்திவிட்டு, ஓரங்களைச் செருகினார். சற்று நேரம் நின்றார். பிறகு தன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒற்றைப் பச்சை இழையைக் கிள்ளி எடுத்தார். அதைப் போர்வைமேல் திரும்ப வைத்துவிட்டுப் போவதை நான் அரைக்கண்ணால் பார்த்தேன்.

நான் செய்தது தெரிந்த மனிதர் அப்படியா செய்வார்?