ஏழாம் நம்பர் பிரஸ்

டீக்கடையில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், சார். என் சுபாவம் அப்படி.

அம்பத்தூரில் எங்கள் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின்கள் பன்னிரண்டு. நான் சூப்பர்வைசர் இல்லை. ஆனால் எந்த மெஷினில் புது டை, அதாவது தகடு வெட்டும் அச்சு, மாட்டினாலும் முதல் அடியை நான்தான் அடிக்க வேண்டும். ஓர் ஆயுத பூஜையன்று என்னை அடிக்கச் சொன்னார்கள். அந்த வருஷம் யாருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. அதிலிருந்து செபாஸ்டியனுக்குக் கைராசி என்று ஆகிவிட்டது. நான் அடித்துத் தலையை ஆட்டினால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். நிஜத்தில் எனக்கு மெஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. திருநின்றவூர் ரயிலில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், நாளைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் யோசித்துக்கொண்டு போவேன்.

தமிழரசு கண்டுபிடித்தான். கள்ளிக்குப்பத்துக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். போன ஆடியில் மூன்றாம் நம்பரில் சத்தம் சரியில்லை என்று நான் நிறுத்தினேன். அவன் பிரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் மெஷின் ஓட்டும் பச்சையப்பன் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் கேட்டான்: "இன்னா தமிழு, ஓட்டலாமா?"

"அண்ணாத்தேய கேளு. அவரு கை வெச்சாதான் எனக்கே தெகிரியம்" என்றான் தமிழரசு.

நல்ல பையன். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சம்பவத்தன்று காலை ஏழாம் நம்பரில் முந்தின ராத்திரி மாட்டிய புது டை. ஓட்டவேண்டியவன் தமிழரசு. எல்லோர் முன்னாலும் நான் முதல் அடி அடித்தேன். பெடலை ஒரு முறை அழுத்தினால் மெஷின் ஒரு முறைதான் இறங்க வேண்டும்; இரண்டாவதாக லேசாக அசைந்த மாதிரி இருந்தது. தமிழரசு என் முகத்தைப் பார்த்தான்.

"சந்தேகமா கீதா அண்ணாத்தே? வோணும்னா பிரிச்சிப் பாத்துடறேன்."

பிரித்தால் அவன்தான் சரிசெய்வான். எல்லோரும் பார்ப்பார்கள். "ஒண்ணும் இல்லப்பா, உக்காரு" என்றேன்.

மூன்றாவது பீஸை அவன் எடுக்கும்போது மெஷின் தானாக இறங்கியது. வலது கையில் நான்கு விரல்கள். ஆஸ்பத்திரியில் இடது கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, "உம்மேல தப்பு இல்ல அண்ணாத்தே" என்றான். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. இப்போது மறுபடி எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

தடுமாற்றத்தில் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன் என்று போன வாரம் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று ஷிப்டுக்கு யாரும் வருவதற்கு முன்பே அட்டைத் துண்டுகளை வைத்து ஏழாம் நம்பரைப் பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். பத்தில் நான்கு அட்டைகளில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வெட்டு இருந்தது. அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

இருபது வருஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான், சார்.