உயிரோடிருந்த சாட்சி

விழிதியூர் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"மச்சான், கோர்ட்டுல நான் செத்துப் போயிட்டேனாம்."

"என்ன சொல்றீங்க?"

"மணல் லாரிய மறிச்ச என் தம்பிய ஏத்திக் கொன்னானுவல்ல? அத நேர்ல பாத்தது நான் ஒருத்தன்தான். எனக்கு சம்மன் கொண்டார வேண்டிய போலீசு, சாட்சி இறந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துருக்காரு. லாரி ஓட்டுனது அரசியல் கட்சிக்காரரு மவனாச்சே. சாட்சி இல்லன்னு அவன விட்டுட்டாங்க."

"ஜட்ஜுகிட்ட போய் நிக்க வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் இன்னக்கி போனேன். தீர்ப்பு போன வாரமே ஆயிப்போச்சாம். வக்கீலு அப்பீலு போவலாங்குறாரு."

"போவோம்."

"தம்பி பொண்டாட்டி வேணாங்குது. இப்பதான் போன்ல சொன்னேன். 'உங்கள பேப்பர்லதான் கொன்னுருக்காங்க, அதோட போவட்டும் மாமா'ன்னு அழுவுது."

பஸ் கிளம்பியது. டவுனைத் தாண்டிய பிறகு மச்சான் கேட்டார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"திங்கக்கெழம வக்கீல பாக்கப் போறேன். தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."