கேட்டில் சொன்ன பெயர்

— நிமல், நீங்க தமிழா? ரெண்டு வருஷமா ஒங்களோட சிங்களத்திலதானே பேசிக்கொண்டு ஈக்கிறேன்.

— ஃபோன்ல பேசுனது கேட்டுருச்சா, நிலாம் நானா? நானான்னு அண்ணன் மொறையில கூப்பிட்டுக்கிட்டே ஒங்ககிட்ட மறைச்சது தப்புதான்.

— இங்கதானே கிளாஸ் கழுவிக்கொண்டு நின்டேன். இந்த பார்ல தமிழ் பேசுற ஒரே ஆள் நான்தான் என்டு நெனச்சேன். தமிழ் என்டு ஏன் எனக்கிட்ட செல்லல்ல?

— இதுக்கு முந்தி வேற எடத்துல வாசிச்சேன். தேயிலத் தோட்டத்துத் தமிழ் ஆளுன்னு தெரிஞ்சதும், ட்ரம்ஸ் வேணாம், மேச தொடைன்னுட்டாங்க. அதான் இங்க வர்றப்பவே எங்க பேண்ட் லீடரு, நிமல்னு சிங்களப் பேரா சொல்லிக்கன்னாரு. சொன்னேன். அதுவே பழகிப் போச்சு.

— சரி, நான் யார்ட்டயும் செல்ல மாட்டேன். ஆனா இன்டைக்கி ஒங்களுக்கு என்ன? ப்ளூஸ் அடிக்கிற நேரமெல்லாம் வாசலயே பாத்தீங்க.

— மகனுக்கு மூணு நாளா காய்ச்சல். அஞ்சு வயசு, தனுஷன். சாயங்காலம் கொறஞ்சிருந்துச்சு. வாளியக் கவுத்துப் போட்டு அடிச்சுக்கிட்டிருந்தான். நான் வீட்ல அதுலதான இந்த ப்ளூஸ் அடியப் பழகுவேன், அவனுக்கும் மனப்பாடம். சரியாயிருச்சுன்னு நெனச்சு வந்துட்டேன்.

— ஒரு நாள் லீவு கேட்டீக்கலாமே.

— லீவு கேட்டா வேற ஆளப் போட்ருவாங்க, நானா.

— இப்ப யாரோட பேசினீங்க?

— பக்கத்து வீட்டு இராமசாமி மாமா. மூக்குல ரத்தம் வந்துருச்சாம். ஏழரைக்கே எம் பொஞ்சாதி புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டாளாம். முக்கா மணி நேரத்துல இங்க வந்திரலாம். இப்ப மணி பத்து. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல காலையிலருந்து கரண்டு இல்ல, அவ ஃபோனும் செத்துக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு நானா.

— நேரா ஆசுபத்திரிக்குப் போயீப்பாங்க.

— போக மாட்டா. அவ ஹட்டன் பக்கம், தமிழ் மட்டுந்தான், சிங்களம் வராது. போன தடவ அவ சொன்னது அங்க யாருக்கும் வெளங்கல. புள்ளையோட நின்னு நின்னு அழுதுட்டு வந்தா. அதான் நானே சொல்லிட்டு வந்தேன், காய்ச்சல் கூடுனா பாருக்கு வந்துரு, நான் கூட்டிட்டுப் போறேன்னு.

— பொம்புளையள பாருக்குள்ள விட மாட்டாங்களே.

— உள்ள வர வேணாம், கேட்டுல எம் பேரச் சொல்லு, ஒடனே கூப்பிடுவாங்கன்னேன்.

— நிமல் என்டா?

— அவளுக்கு அது தெரியாது. வீட்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. எம் பேரு கிருஷாந்த்.

— என்ன பேர்?

— கிருஷாந்த். ஏன் நானா, மொகம் இப்படிப் போவுது?

— ஒங்க ஊட்டுக்காரங்க செவப்புக் கொட வச்சிருப்பாங்களா? கம்பி ஒடஞ்சது?

— பாத்தீங்களா அவள? எங்க?

— எட்டரை போல செக்கியூரிட்டி என்னக் கூப்பிட்டான். தமிழ்ப் பொம்புள ஒராள் வந்து என்னமோ கேக்குறாங்க, வந்து பேசு என்டான். மழையில நின்டாங்க. கிருஷாந்த் என்டு கேட்டாங்க.

— கேட்டாளா?

— மூனு தடவ கேட்டாங்க. அப்படி ஒராள் இங்க இல்ல என்டேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பார்லயும் பாட்டு நடக்குது, அங்க போய்ப் பாருங்க என்டு அனுப்பிட்டேன்.

— புள்ள? புள்ள எப்படி இருந்தான்? கண்ணு முழிச்சிருந்தானா?

— முழிச்சிருந்தான். நீங்க உள்ளுக்கு அடிச்சிக்கொண்டு ஈந்தீங்க. அது கேட்டு, தோள்ல கெடந்தவன் தலையத் தூக்கி, "அது எங்க அப்பா" என்டான். இல்ல மகன், அது நிமல் என்டு ஒரு சிங்கள ஆள் என்டு நான்தான் செல்லி அனுப்பினேன்.