இறங்கும் இடம்

சர்க்கரை இல்லாத தேநீருக்கு நன்றி மேடம். நான் சொல்லாமலே கொண்டுவரச் சொன்னீர்கள். இப்படிச் சின்ன விஷயங்களைக் கவனிக்கிறவர்களிடம் பேசுவது எனக்குப் பிடிக்கும். உங்கள் விசாரணை அறிக்கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: ‘பயிற்சியின்போது வீராங்கனை தவறாகத் தரையிறங்கியதால் தற்செயலாக ஏற்பட்ட காயம்.’ அந்த வரியை மாற்ற வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன். உடனே எழுத வேண்டாம், முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நீங்கள் கூடைப்பந்து ஆடியதில்லை என்றீர்கள். பரவாயில்லை, ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கூடைக்குப் பந்தை எறிகிறவள் எம்பிக் குதிப்பாள். குதித்த இடத்திலோ, ஒரு சாண் முன்னாலோ இறங்குவாள். இறங்கும்போது அவள் கண் வளையத்தின் மேலேயே இருக்கும். கோச், நடுவர், பார்க்க வந்த கூட்டம், எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னால் போயிருக்கும். அந்த ஒரு நொடி தரையை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு அது தெரியவந்தது ஒன்பதாம் வகுப்பில். பள்ளி அணியில் நான் ஆறாவது ஆள். களத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும் என்பதால், ஆறாவது ஆள் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவள் என்று அர்த்தம். கேப்டனுக்கு நீண்ட கழுத்து. ஒட்டகம் என்று கூப்பிடுவோம், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். ஒருநாள் பயிற்சியில் அவளைத் தடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவள் இறங்கியபோது என் ஷூ அவள் காலுக்கடியில் இருந்தது. கணுக்கால் மடங்கிவிட்டது. சத்தியமாக அது தெரியாமல் நடந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விளையாட்டு டீச்சர் கூப்பிட்டு, அவளுடைய ஏழாம் எண் பனியனை என் கையில் கொடுத்தார். அன்றைக்குச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் நாங்கள் கோப்பை வாங்கினோம். கடைசி ஆட்டத்தில் பதினெட்டுப் புள்ளி நான் எடுத்தது. ஒரு மாதம் ஒட்டகத்தின் புத்தகப் பையை மாடிப்படி ஏற்றி இறக்கியதும் நான்தான். “உன்ன மாதிரி ஃப்ரெண்டு கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டி” என்றாள். உண்மைதானே, வேறு யாரும் அவள் பையைத் தூக்கவில்லை.

கல்லூரியில் அணித் தேர்வு முகாமுக்கு இருபது பேரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். நான் பதின்மூன்றாவது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் பெஞ்சில் உட்காருகிறவளுக்குத் தன் எண் தன்னால் தெரிந்துவிடும். பன்னிரண்டாவது ஆள் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி. எந்நேரமும் மருத்துவப் புத்தகமும் கையுமாக இருப்பாள், அதனால் அவளுக்கு டாக்டர் என்று பெயர். முகாம் முடிய இரண்டு நாள் இருந்தது. இந்த முறை தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். அரையடிதான் மேடம். வலது காலை அரையடி முன்னால் நகர்த்தினேன். கைகள் மேலே, முதுகு நேராக, எந்த நடுவர் பார்த்தாலும் பாடப் புத்தகத்தில் போடுகிற மாதிரித் தடுப்பு. அவள் அதற்குப் பிறகு ஆடவில்லை. இப்போது நிஜமாகவே டாக்டர், கைராசிக்காரி என்று கேள்வி. ஆட்டத்திலேயே இருந்திருந்தால் அவ்வளவு நோயாளிகளும் என்ன ஆகியிருப்பார்கள் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

பிறகு இந்த கிளப். ஒன்பது பருவமாகத் தொழில்முறை ஆட்டம். கூடைப்பந்துச் சங்கத்தின் நன்னடத்தைக் கேடயத்தைத் தொடர்ந்து மூன்று வருடம் வாங்கியிருக்கிறேன், உங்களுக்கு நேர்மேலே இருக்கிற படத்தில் மாலையோடு நிற்பது நான்தான். அது சும்மா கொடுத்த கேடயம் இல்லை. ஆட்டத்தில் நான் யார் காலடியிலும் கால் வைத்ததில்லை. அது அழுக்காட்டம். பயிற்சியில் மட்டும்தான், அதுவும் தேவைப்பட்டபோது மட்டும். ஒன்பது வருடத்தில் மூன்றே பேர். கண்ணை மூடிக்கொண்டு முழங்கையால் இடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கோச்சைக் கேட்டுப் பாருங்கள். அப்போது நான் எவ்வளவு கட்டுப்பாட்டோடு இருந்திருக்கிறேன் என்பது விளங்கும்.

என் தங்கை இங்கே வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேலாளரிடம் பேசியது நான். எனக்கு ஆறு வயது இளையவள், என்னைவிட நான்கு அங்குலம் உயரம். ஒரே வீட்டில் இருந்தோம், வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஒரே அறை. என் துண்டைத்தான் எடுத்துத் துடைத்துக்கொள்வாள், சொன்னால் கேட்கமாட்டாள். அம்மா போனில், “ரெண்டு பேரும் ஒண்ணா ஆடுறத டிவில காட்டுறாங்க, எனக்குக் கண்ணே கலங்குதுடி” என்பாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்புங்கள்.

போன மாதம் கோச் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது, நல்ல செய்தியை அவர் நின்றபடிதான் சொல்வார்.

“இனிமே உன் இடத்துல தங்கச்சி ஆடட்டும்மா. நீ பெஞ்சுல இருந்து அவளுக்குத் தைரியம் சொல்லு. வேற யாரோ இல்லையே, உன் ரத்தம்தானே?”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றேன். வெளியே வந்து தங்கையைக் கட்டிக்கொண்டேன். அவள்தான் அழுதாள். “நான் வேணா வேண்டாம்னு சொல்லிடட்டுமாக்கா?” என்று கேட்டாள். லூசா நீ என்று தலையில் தட்டினேன். அவள் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். விட்டுக்கொடுத்து வருகிற இடத்தில் நின்று ஆடுகிறவள் இல்லை நான். எனக்கும் மானம் இருக்கிறது.

புதன்கிழமை காலைப் பயிற்சியில் அவள் இடது மூலையிலிருந்து எம்பினாள். மிக அழகாக எம்புவாள் மேடம், மேலே போய் ஒரு கணம் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. எல்லோரும் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

விழுந்த மற்றவர்கள் எல்லோரும் தங்கள் காலைத்தான் பார்த்தார்கள். அவள் என் காலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை. ஐஸ் கட்டியது, ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போனது எல்லாம் நான். நடக்கலாம், குதிக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“நானாத்தான் தப்பா இறங்கிட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு” என்றாள்.

“ஏன்?”

“அம்மா தாங்கமாட்டாக்கா.”

ஏன் செய்தாய் என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருப்பேன். அவளுக்கு இருபத்தைந்து வயது, படிப்பு இருக்கிறது, நாலு பேரோடு சிரித்துப் பேசத் தெரியும். எனக்கு இதைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டு பேரில் ஒருத்தி நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், யார் நிறுத்துவது நியாயம்? நீங்களும் ஒரு தங்கைக்கு அக்காவாக இருந்தால் இதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

அந்த வரியை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். அவள் தவறாக இறங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதிலிருந்து ஆடுகிறாள், ஒருநாள்கூட அவள் தவறாக இறங்கியதில்லை. அப்படி ஒரு பழி அவள் பெயரில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தற்செயல் என்பதும் சரியில்லை. ஒட்டகத்தோடு தற்செயல் முடிந்துபோயிற்று. மற்ற ஐந்து பேரையும் நான் வேண்டுமென்றே விழவைத்தேன், டாக்டர், கிளப்பில் அந்த மூன்று பேர், என் தங்கையையும் சேர்த்துத்தான் ஐந்து. அவளுக்கு மட்டும் காலை முழுதாக நீட்டாமல் பாதியில் நிறுத்தினேன். வேறு யாராவது செய்திருந்தால் எலும்பு வெளியே வந்திருக்கும். அக்கா என்று நான் ஒருத்தி பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவ்வளவுதான் மேடம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். திங்கட்கிழமைக்குள் இந்த வேலையெல்லாம் முடிந்துவிடும் அல்லவா? அன்றைக்குத் தங்கையின் இடத்துக்குப் புது ஆட்டக்காரி ஒருத்தி வருகிறாளாம், நன்றாக எம்புவாளாம். முதல் நாள் அவளைத் தடுத்து ஆட நிதானமான ஆள் வேண்டும் என்று கோச் என்னைத்தான் கேட்டிருக்கிறார்.