எழுதாமலே வாங்கிக்கிட்டேன்னு சொன்ன மெஷினு

வச்சுட்டீகளா தம்பி போனை? ஆட்டோ சத்தத்துல கெழவனுக்கு எங்கன கேக்கப்போகுதுன்னுதானே அம்புட்டு நேரம் பேசுனீக? காது எனக்கு நல்லாத்தேன் இருக்கு.

இங்கிலீசா? யாருக்கும் தெரியாது சார், சத்தமில்லாம சரி பண்ணிட்டேன்னு ஒங்க மேனேஜர்ட்ட சொன்னீகளே, அது எந்த ஊரு இங்கிலீசு?

கோவிச்சுக்கிராதீக. எனக்கு வெளங்குனதச் சொல்றேன். எங்க ஊரு டிப்போவுல பாலை ஊத்துனா தராசு ஒரு சேதி அனுப்புது. அதெல்லாம் வீரபாண்டித் திருவிழாவுல அக்கினிச்சட்டிக்காரவுக நிக்கிறாப்புல வரிசையில நிக்குது. ஒங்க புரோகிராம் ஒண்ணொண்ணா வாங்கி டேட்டாபேஸ்ல எழுதணும். அம்புட்டுத்தானே? இதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஏசி பஸ்ஸு, லாட்ஜு, மூணு வேளையும் கோழி!

அது என்னடான்னா, எழுதுறதுக்கு முன்னாடியே, வாங்கிக்கிட்டேன் நீ போன்னு சேதிய அழிச்சுவிட்டுருச்சு. டேட்டாபேஸு படுத்துக் கெடந்தப்ப வந்ததெல்லாம் போயே போச்சு, ஊத்துன பாலுக்குக் கணக்குமில்ல, காசுமில்ல. மாமியா சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டிட்டு, ஒண்ணையும் செய்யாத மருமகன் கணக்கா. அந்த செட்டிங்கப் போட்டது நீங்கதேன்னு நானா சொன்னேன்? ஒங்க வாயிதேன் சொல்லுச்சு.

லாக்கா? ஆமா, அதையுங் கேட்டேன். தப்பு நடந்தா நடந்தபடி எழுதி வைக்குமாமே. எடத்த அடைக்குதுன்னு அமத்தி வச்சிருந்தீகளாம். தூக்கங் கெடுதுன்னு நாய் வாயக் கட்டிப்புட்டு, களவு போனதுக்கு யாரப் புடிக்கிறது தம்பி?

யாரப் புடிச்சீக, அதையுஞ் சொல்றேன். காலையில டிப்போ வாசல்ல இதே வாயி என்ன பேசுச்சு? சிஸ்டம் தப்புப் பண்ணாதுங்க, தராசுக்கிட்ட ஒக்காந்திருக்குற பொண்ணு செல்லப் பாத்துக்கிட்டு பட்டன அமுக்காம விட்டுருச்சுன்னு. சுருளிப்பட்டியே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. எங்க பாலை முழுங்கிட்டியேடின்னு, பால் ஊத்துற மலையம்மா துப்பிட்டுப் போறா. நாளையில இருந்து வராதன்னுட்டாக மொதலாளி. தராசுக்கிட்ட இருந்த அபிதா எந்திரிச்சு வீட்டப் பாக்க நடந்துட்டா. நீங்க அப்பவும் செல்லத்தேன் நோண்டிக்கிட்டு இருந்தீக. படிச்ச புள்ளைன்னு ஒங்களுக்குச் சேர் போட்டு டீ வேற.

கம்பம் பஸ் ஸ்டாண்டா? அங்கனதேன் போயிக்கிட்டு இருந்தோம். யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீக பாருங்க, அப்பவே வண்டியத் திருப்பிட்டேன். போன் பேசுற மும்மரத்துல நீங்க பாக்கல.

இந்தா, டிப்போ வந்துருச்சு. சாயங்காலப் பாலுக்குக் கேனோட எல்லாரும் நிக்கிறாக, மலையம்மாளும் நிக்கிறா. எறங்குங்க. பயப்படாதீக, யாரும் அடிக்க மாட்டாக. மேனேஜர்ட்ட சொன்னத அப்பிடியே தமிழ்ல சொன்னாப் போதும்.

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி. அந்தா அந்தப் பச்சக் கேட்டு வீட்டுலதேன் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கா, அபிதா. எம் மகதேன். அவளுக்கும் கேக்கணும்ல.